பாய்மரத்துக்கு முன்னால்

பட்டை முறுக்கிக்கொள்ளக் கூடாது. அது ஒன்றுதான் முதலில் பார்க்க வேண்டியது. படகின் மூக்கில், அணியத்தில், இருக்கிற இரும்பு வளையத்தில் தொடங்கி, பின்னால் சுக்கானுக்குச் சற்று முன்னால் இருக்கிற வளையம் வரைக்கும் தளத்தோடு தளமாகத் தட்டையாகப் படுத்துக் கிடக்க வேண்டும், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கயிறு என்றால் மிதித்ததும் உருளும், காலை வாரும், பட்டை உருளாது. போன வருடம் கயிறு, இந்த வருடம் பட்டை, மஞ்சள் பட்டை, லாரியில் சரக்குக் கட்டுகிறார்களே அதே பட்டை. கடைக்காரன் எந்த லாரிக்கு அக்கா என்று கேட்டான், ஆளைக் கட்ட என்றேன், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தான். ஆளைக் கட்டத்தான். மார்பில் ஒரு வார், வாரிலிருந்து தொங்கும் ஒரு குட்டை நாடா, நாடாவின் நுனியில் கொக்கி. கொக்கியைப் பட்டையில் மாட்டிவிட்டால் படகு முழுக்க நடக்கலாம், கொக்கியும் கூடவே வழுக்கிக்கொண்டு வரும், அலை தூக்கி எறிந்தாலும் படகு என்னை விடாது. என் வீட்டுக்காரர் அருளப்பன் இதற்கென்று ஒரு பட்டை வாங்கி வந்தார், நல்ல பட்டைதான், ஆனால் அளவு? பின்னாலிருந்து பாய்மரம் வரைக்கும்தான் வரும். எனக்கு அவ்வளவு போதுமாம். மரத்துக்கு முன்னால் உனக்கு என்ன வேலை, அங்கே தொபியாஸ் பார்த்துக்கொள்வான் என்றார், மெதுவாக, மரியாதையாக, சீக்காளிக்குக் கஞ்சி ஊற்றுகிற குரலில். கத்தியிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்தக் குட்டைப் பட்டையை வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் தார்ப்பாயைக் கட்ட எடுத்துக்கொண்டேன், தார்ப்பாய் இப்போது மேற்கே இருந்து வரும் கச்சான் காற்றுக்கு அசையவே மாட்டேன் என்கிறது. பிறகு நானே போய் நீளமான இரண்டு பட்டைகள் வாங்கி வந்தேன். கொண்டலுக்குச் சரியாக அணியம் வரைக்கும் வரும். கொண்டல் என்பது எங்கள் படகின் பெயர், கிழக்கே இருந்து வரும் காற்றின் பெயர், பெயரை வைத்தவள் நான். மரத்துக்கு முன்னால் எனக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள்.

ஊசி கனமான ஊசி, பாய் தைக்கிற ஊசி, உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டு அமுக்கினால்தான் இறங்கும். வளையத்துக்குள் பட்டையை விட்டு மடித்து, மடிப்பைச் சேர்த்துத் தைக்கிறேன், கட்டமாக ஒரு தையல், கட்டத்துக்குள் குறுக்காக ஒரு தையல். முடிச்சு கிடையாது. எந்த முனையிலும் முடிச்சு கிடையாது. முடிச்சுப் போட்டால் அவிழ்க்கலாம், தைத்துவிட்டால் கத்தி வேண்டும், கத்தி எடுக்கிறவன் ஒரு நிமிடமாவது யோசிப்பான் இல்லையா, எதை அறுக்கிறோம் என்று. நூலுக்கு மெழுகு தடவுகிறேன். கடையில் மெழுகுக் கட்டி கிடைக்காமல் போனதால் வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் இருந்த மந்திரித்த மெழுகுதிரியை எடுத்து வந்துவிட்டேன். காண்டில்மாஸ் அன்று, மெழுகுதிரி மந்திரிக்கிற திருநாளில், கோயிலில் வாங்கி வைப்பது, புயல் அடித்தால் ஏற்றுவோம், ஆள் சாகக் கிடந்தால் ஏற்றுவோம். போன வருடம் என் பெயரைச் சொல்லி அந்தத் திரியை ஏற்றினார்களாம், பக்கத்து வீட்டு வியாகுலம் அக்கா நான் கடலில் விழுந்த செய்தியை ஃபோனில் கேட்டதும் ஓடிவந்து ஏற்றினாளாம், நான் கரைக்கு வந்து நான்கு நாள் கழித்தும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி எரிந்த திரி. எனக்காக எரிந்தது போக மிச்சம் இருப்பதை நானே நூலில் தேய்க்கிறேன், இதில் என்ன பாவம், சாமியார் கேட்டால் கேட்கட்டும். நூல் வழவழவென்று ஆகிவிட்டது. ஊசி ஏறி இறங்குகிறது. துறைமுகத்தில் பக்கத்து மேடையில் ஐஸ் உடைக்கிறார்கள், சாளை மீன் வாடை அடிக்கிறது, கொண்டல் கரையில் கட்டிய இடத்திலேயே மெதுவாக மூச்சு விடுகிறது, மேலே ஒரு கயிறு மரத்தில் தட்டுகிறது, டக், டக், டக். நான் தேடுகிற சத்தம் இது இல்லை. அது வேறு சத்தம். கொக்கி மாட்டினால் வருவது ஒற்றைச் சத்தம், டக் என்று ஒரே தடவை, விரலில் சின்னதாக ஓர் அதிர்வு, அவ்வளவுதான்.

அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டதா? கேட்டது. கேட்டது என்று சொல்கிறேன். கன்னியாகுமரியைச் சுற்றித் திரும்பி முட்டத்துக்கு நேரே போய்க்கொண்டிருந்தோம், பின்னேரம், வெயில் கண்ணில் அடித்தது, கொச்சிக்குப் போகிற வழி. வருடா வருடம் போகிறோம், கொச்சியில் சீசன் முடிகிற வரைக்கும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக் காயலில் அந்தி நேரத்தைக் காட்டினால்தான் எங்களுக்கு அந்த வருடம் ஓடும். காற்று திடீரென்று கூடியது. முன்பாயை இறக்க வேண்டும். சுக்கானில் அருளப்பன், பாயின் கயிற்றை இளக்கத் தொபியாஸ் மரத்தடியில், பாயை இழுத்து அமுக்க நான் அணியத்தில். அது எப்போதும் என் வேலை, பாய் என் கையால் தைத்தது, என் கைக்கு அடங்கும். குனிந்து கொக்கியைக் கயிற்றில் மாட்டினேன், போனேன், பாயை அமுக்கினேன், படகின் மூக்கு ஓர் அலைக்குள் இறங்கியது, அடுத்த கணம் எனக்குக் கீழே படகு இல்லை. அவ்வளவுதான் கதை. படகு திரும்பி வந்து என்னைத் தூக்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. என் நாடாவில் கொக்கி சும்மா தொங்கியது, அதில் எந்தக் கயிறும் இல்லை. அருளப்பன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கரைக்கு வந்த பிறகுதான் சொன்னார், என்னிடம் இல்லை, அவர் தங்கையிடம், அடுக்களையில், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. "கொக்கிய மாட்ட மறந்துட்டா பாவம்." பாவம் என்ற வார்த்தையை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

மறந்துவிட்டாளாம். அந்த ஒரு சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அதற்குத் தீனி போட எல்லோரும் போட்டி போட்டார்கள். குடையைக் கோயிலில் விட்டேன், பார்த்தியா என்றார்கள். இத்தனை வருடமாக அந்தக் கோயிலில் எத்தனை குடை விட்டிருக்கிறேன், அப்போது யாரும் பார்த்தியா என்று கேட்கவில்லை. பால் பொங்கியது, பார்த்தியா. பேரன் பெயரைச் சொல்வதற்குப் பதில் மருமகன் பெயரைச் சொன்னேன், பார்த்தியா. வியாகுலம் அக்கா தினமும் இரண்டு தடவை அடுப்பை அணைத்தாயா என்று சுவர் வழியாகக் கத்தினாள், அவள் கத்திய சமயத்தில் அவள் வீட்டில்தான் கருவாடு தீய்ந்தது. மகள் அனிலா கோயம்புத்தூரிலிருந்து ஃபோன் பண்ணினாள். "யம்மா, இந்த வயசுல இப்பிடி வரும்மா, எல்லா பொம்பளைங்களுக்கும் வரதுதான், வெக்கப்படாத, ஒரு டாக்டர்ட்ட காட்டிருவோம்." வெட்கப்பட்டேனா நான்? டாக்டர் நல்ல பையன், ஆப்பிள், மேசை, ஐந்து ரூபாய் என்று மூன்று சொல்லைச் சொல்லிவிட்டு ஊர் வம்பெல்லாம் பேசினான், பிறகு அந்த மூன்றையும் கேட்டான், சொன்னேன், சொல்லிவிட்டு அவன் சட்டையில் எந்தப் பொத்தான் வேறு நிற நூலில் தைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சிரித்தான். ஒன்றுமில்லை என்றான். ஆனாலும் ஒரு சத்து மாத்திரை எழுதினான், சும்மா அனுப்பக் கூடாது அல்லவா. அந்த மாத்திரையை வைத்துக்கொண்டு எல்லோரும், டாக்டரே மாத்திரை கொடுத்திருக்கார் என்றார்கள். ஒருத்தி மறக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டால் அவள் ஞாபகமாகச் செய்வதெல்லாம் தற்செயல் ஆகிவிடும். சோறு வடித்தால் தற்செயல், கணக்காக உப்புப் போட்டால் தற்செயல். இந்தக் கடுப்பை நான் யாரிடம் சொல்ல? ஊசியிடம் சொல்கிறேன், குத்து, இன்னும் ஆழமாகக் குத்து.

தண்ணீருக்குள் என்ன பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பயமாக இருந்ததா என்றுதான் கேட்டார்கள். பயமாகத்தான் இருந்தது, செத்துவிடுவேன் என்று நினைத்தேன், அனிலாவின் கல்யாணச் சேலை நிறம் ஞாபகத்துக்கு வராமல் அதற்காக எரிச்சல்பட்டேன், நாக்கெல்லாம் உப்பு, ஒவ்வோர் அலையும் ஏறி இறங்கும்போது படகு தெரியும், அடுத்த அலையில் தெரியாது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், விழுந்த உடனே, நாடா மார்பில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. இழுத்தது, பிறகு இளகிவிட்டது. ஒரு கயிறு என் பக்கத்தில் சரசரவென்று தண்ணீருக்குள் ஓடியது, அதன் நுனி என் விரல் வழியாக வழுக்கிப் போனது, நுனியில் சிவப்பு நூல். சிவப்பு நூல்! கயிறு பிரியாமல் இருக்க அதன் முனையில் நானே சுற்றிய நூல். அணியத்து முனையில் பச்சை, பின் முனையில் சிவப்பு, குழப்பம் வரக் கூடாது என்று நான்தான் சுற்றினேன். பின்னால் கட்டியிருக்க வேண்டிய முனை கடலில் என் கைக்குள் எப்படி வந்தது? அவிழ்ந்த முனை வழியாக என் கொக்கி ஓடிக் கழன்றிருக்கிறது. மாட்டிய கொக்கிதான் கழலும். மாட்டாத கொக்கி எதிலிருந்து கழலும்? இதை நான் அருளப்பனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒன்னத் தூக்கத்தான்ட்டி எல்லாக் கயித்தையும் அவுத்து அவுத்து எறிஞ்சோம், அதுல இதும் ஒண்ணு, அதத்தான் நீ புடிச்சிருப்ப" என்றார். அதுவும் நடந்ததுதான். கயிறுகள் எறிந்தார்கள், நான் ஒன்றைப் பிடித்தேன், அதன் நுனி என்ன நிறம் என்று பார்க்கிற நிலையில் அப்போது நான் இல்லை. அப்படியென்றால் சிவப்பு நூல் முதலில் வந்ததா கடைசியில் வந்ததா? நாடா வெட்டி இழுத்தது விழுந்தபோதா, தூக்கியபோதா? இதுதான் என்னைத் தின்கிற இடம். சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன். செய்துவிட்டு ராத்திரி தூங்க மாட்டேன். ஒருவேளை, ஒருவேளை நான் மறந்திருந்தால்? அப்படியானால் இந்தப் பட்டையை எத்தனை இறுக்கமாகத் தைத்து என்ன, மாட்ட வேண்டிய கை என்னுடையது, அந்தக் கையை நான் நம்பலாமா என்று எனக்கே தெரியவில்லை. கடல் எனக்குப் பெரிய பயமில்லை. இதுதான் பயம்.

தொபியாஸைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று வைத்திருந்தேன், இதோ நினைத்தாயிற்று. என் கொழுந்தன், அருளப்பனின் தம்பி, மீசை முளைக்கும் முன்பே தோணியில் ஏறியவன், மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போன தோணிகளில் கிடந்து வளர்ந்தவன். தோணிக்காரர்களுக்குத் தளத்தில் கயிறு நீளமாகக் கிடந்தால் ஆகாது. கால் மாட்டும், சரக்கோடு சேர்த்து ஆளையும் கடலுக்கு இழுக்கும், அதனால் கிடக்கிற கயிற்றைக் கண்டால் குனிந்து எடுத்து, முனையை விடுவித்து, முழங்கையில் சுற்றி, மரத்தில் தொங்கவிட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. அவன் வீட்டிலும் அப்படித்தான், கொடிக்கயிறு தொங்கக் கூடாது, இஸ்திரிப் பெட்டியின் வயர் தொங்கக் கூடாது, பேசிக்கொண்டே போய் எடுத்துச் சுற்றி வைப்பான், அவன் பெண்டாட்டி ஒருநாள் துணி காயப்போடத் தேடு தேடு என்று தேடியிருக்கிறாள். உடம்பில் கொக்கி மாட்டிக்கொள்வதும் அவனுக்குச் சிரிப்பு. "நா என்ன மாடா மைனி, கட்டிப்போட?" படகு கவிழ்ந்தால் கட்டிக்கொண்டவன் அதோடு போவான், விலகிக் குதித்தவன் பிழைப்பான், அது அவன் பழகிய கடல். நான் அணியத்தில் பாயோடு மல்லுக்கட்டுகிறேன், அவன் மரத்தடியில் கயிற்றை இளக்கிவிட்டுப் பின்னால் வருகிறான், அருளப்பனின் கண் பாயில் இருக்கிறது, அவன் காலுக்குக் கீழே பின்னாலிருந்து முன்வரை ஒரு கயிறு நீளமாகக் கிடக்கிறது. அவன் என்ன செய்திருப்பான்? ஒரு தடவை கேட்டேன், சும்மா கேட்பதுபோல. "நான் ஒண்ணையும் தொடலயே மைனி" என்றான். பொய் இல்லை. அவனுக்குப் பொய் வராது, பொய் சொன்னால் காது சிவக்கும். மூக்கைத் துடைத்ததை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? அவன் கை செய்ததை அவன் தலை அறியாது. என் கை கொக்கி மாட்டியதையும் என் தலை இப்படித்தான் அறியாமல் நிற்கிறது, இதில் நான் அவனை எப்படிக் குற்றம் சொல்ல. தவிர, என்னை உயிரோடு கண்டுபிடித்ததே அவன்தான். படகு வட்டமடித்துத் திரும்புகிற நேரம் முழுக்க அவன் ஒரு விரலை என் பக்கம் நீட்டியபடி, கண்ணை எடுக்காமல், கண்ணீர் வழிய வழிய நின்றான் என்று அருளப்பன் சொன்னார், கண்ணை எடுத்திருந்தால் அலைக்குள் என் தலை எங்கே கிடைத்திருக்கும். கரைக்கு வந்து மூன்று நாள் அவன் சாப்பிடவில்லை. நீதான் அவிழ்த்தாய் என்று வாயால் சொன்னால் அவன் பிறகு கடலுக்குப் போக மாட்டான், எனக்கு அவனைத் தெரியும். சொல்லாவிட்டால் நான் அணியத்துக்குப் போக முடியாது. யாராவது ஒருவர் மரத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்றால் அது ஏன் எப்போதும் நானாக இருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஒரு வருடம் போய்விட்டது. சொல்லவும் மாட்டேன், உட்காரவும் மாட்டேன். தைப்பேன்.

இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கத்துப் பட்டையை மரத்தைத் தாங்குகிற கம்பிகளுக்கு உள்பக்கமாக விட்டு முன்னால் இழுத்துக்கொண்டு போனபோது இயந்திரக் குழியிலிருந்து அருளப்பன் தலையை நீட்டினார், கன்னத்தில் கிரீஸ், கழுத்தில் என் பழைய துவாலை. பார்த்தார். கண் பட்டையோடு மரம் வரைக்கும் வந்தது, மரத்தைத் தாண்டியது, அணியம் வரைக்கும் போய் நின்றது. "எமரன்சியா" என்றார். எமரா என்று சொல்லாமல் முழுப் பெயரையும் சொன்னால் கோபம் என்று அர்த்தம், முப்பது வருடக் குடித்தனம். "மரத்தோட நிறுத்தச் சொன்னேம்லா?" "சொன்னீய." "பெறவு?" "பெறவு ஒண்ணுமில்ல, பட்டை நீளமா இருந்திச்சி, வெட்ட மனசில்ல." அவர் மேலே ஏறி வந்தார். "வெளையாடாத. அன்னைக்கு நா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா பிள்ளைக்கு நா என்ன பதில் சொல்லுவேன்? நீ வா, வேண்டாங்கல, பின்னால இரு, சுக்கானப் புடி, சோத்தப் பொங்கு, யாரு வேண்டாம்னா?" அவர் குரல் உடைந்தது. எனக்கு இரக்கம் வந்தது, வந்ததே என்று ஆத்திரமும் வந்தது. "நா மறக்கலங்க" என்றேன். "சரி மறக்கல" என்றார் உடனே, அவ்வளவு சீக்கிரமாக, அவ்வளவு அன்பாக. பிள்ளை நிலா வேண்டும் என்றால் சரி தருகிறேன் என்பதுபோல. "இந்தப் பாயத் தச்சது யாரு?" என்று கேட்டேன். "நீதான்." "இந்தப் படவ வாங்கச் சொன்னது யாரு? நீங்க கப்பல் வேலைய விட்டு வந்து மொட்டைமாடியில முழிச்சிக்கிட்டுக் கெடந்தப்ப?" "நீதான், இப்ப அதுக்கு என்ன?" "அப்ப எம் படவுல எனக்கு எல்ல போடாதீய. நா அணியத்துலதான் நிப்பேன். இஷ்டமில்லன்னா படவ நிறுத்துங்க, நா எறங்கமாட்டேன்." அவர் துவாலையால் கிரீஸைத் துடைக்கிறேன் என்று முகம் முழுக்கப் பரப்பினார். "தொபியாசு வரட்டும், பேசுவோம்" என்று முனகிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார். ஸ்பேனர் எங்கோ விழுந்தது, அதைத் திட்டினார், என்னைத் திட்ட முடியாததெல்லாம் அதற்குப் போனது.

வாய்ப்பேச்சு பேசிவிட்டேன், இப்போது ஊசிக் காதில் நூல் நுழைய மாட்டேன் என்கிறது. அணியத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து கடைசித் தையலைப் போடுகிறேன், இங்கேதான் அன்றைக்கும் உட்கார்ந்திருந்தேன், இதே இடம், ஃபைபரில் என் முழங்கால் தேய்த்த அடையாளம்கூட இருக்கும். கீழே துறைமுகத் தண்ணீர் எண்ணெய்ப் படலத்தோடு பச்சையாகக் கிடக்கிறது, ஒரு பிளாஸ்டிக் செருப்பு மிதக்கிறது, இதற்குப் போய்க் கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன். முட்டத்துத் தண்ணீர் கருநீலம், அடியே இல்லாத தண்ணீர், காலை உதைத்தால் உதைத்த இடம் தெரியாது. மார்பில் வாரை மாட்டுகிறேன், பார்க்கலாம், பட்டை தாங்குகிறதா பார்க்கலாம். கொக்கி. டக். பின்னால் சாய்ந்து உடம்பு முழுவதையும் தொங்கவிடுகிறேன், தையல் முனகக்கூட இல்லை. கழற்றுகிறேன். மாட்டுகிறேன். டக். கழற்றுகிறேன். இப்போது மாட்டியிருக்கிறேனா இல்லையா? குனிந்து பார்க்கிறேன், இல்லை. பார்த்தாயா, ஒரு கணம் தெரியவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வராதவர் யார், அருளப்பன் தினமும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார், அவரை யாரும் டாக்டரிடம் கொண்டுபோகவில்லை. ஆனால் தெரியவில்லை என்பது தெரியவில்லைதான். மாட்டு. டக். பின்னேரம் காற்று எடுத்ததும் கிளம்ப வேண்டும், மணப்பாடு, கன்னியாகுமரி, முட்டம், அதே வழி, அதே தண்ணீர். அங்கே போய் இந்தச் சந்தேகம் வந்தால்? பாய்க்கும் அலைக்கும் நடுவில், மாட்டினேனா மாட்டலையா என்று நின்றால்? பின்னால் உட்காரலாம். சுக்கானைப் பிடிக்கலாம், சோறு பொங்கலாம், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், அருளப்பன் எனக்குக் கொச்சியில் ஒரு சேலைகூட எடுத்துத் தருவார். இல்லை. இல்லவே இல்லை. நடுங்கிக்கொண்டே போவேன், ஆனால் போவேன். நடுங்குகிறவள் போகக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன், மெழுகு வாயில் ஒட்டியது, கோயில் வாசனை.

மேடையில் தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் கேட்டது. தொபியாஸ், தோளில் துண்டு, வண்டியில் தண்ணீர்க் கேன்கள், வெங்காய மூட்டை, ஒரு தார் நாட்டுப்பழம். "மைனி, பழம் காயா வாங்கிருக்கேன், கொச்சி போயிச் சேரும்போ பழுத்துரும்" என்று தூரத்திலிருந்தே கத்தினான். கேனைத் தூக்கித் தளத்தில் வைத்தான், தானும் ஏறினான், இன்னொரு கேன், மூட்டை. "கச்சான் இன்னும் எறங்கலயாம், முட்டத்துல கொஞ்சம் குலுக்கும்னு சொல்லுதானுவ" என்று பேசிக்கொண்டே வந்தான், பேச்சு என்னிடம், கண் வானத்தில். அருளப்பன் குழியிலிருந்து பாதி உடம்பை வெளியே போட்டு, "ஏல தொபியாசு, ஒம் மைனிக்கு நீயாவது சொல்லு, மரத்துக்கு முன்னால..." என்று தொடங்கினார். "என்னண்ணே?" என்று கேட்டபடி தொபியாஸ் குனிந்தான். குனி என்று யாரும் சொல்லவில்லை. அவன் பார்க்கக்கூட இல்லை, முகம் அண்ணன் பக்கம்தான் இருந்தது. அவன் வலது கை தானாகக் கீழே போனது, காலடியில் கிடந்த மஞ்சள் பட்டையைப் பிடித்தது, விரல்கள் பட்டையோடு பின்னால் ஓடி வளையத்தைத் தொட்டன, முனையைத் தேடின, அவிழ்க்க முடிச்சைத் தேடின, இடது முழங்கை அதற்குள் மடங்கிச் சுற்றுவதற்குத் தயாராக நின்றது. முடிச்சு இல்லை. கை இழுத்தது. வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தது. அப்போதுதான் அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான்.

மேலே கயிறு மரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அவன் காது சிவக்க ஆரம்பித்ததைப் பார்த்தேன், காதிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து முகம். பட்டையை விடவும் இல்லை, எடுக்கவும் இல்லை, அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். "மைனி" என்றான். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன், அல்லது சிரித்திருப்பேன், உள்ளே ஒரு வருடமாக முறுக்கிக் கிடந்த ஏதோ ஒன்று நேராகிப் படுத்தது, கேட்டது, அந்தச் சத்தம் கேட்டது, நான் மாட்டினேன், என் கை மாட்டியது. "அண்ணே" என்றான் தொபியாஸ், குரல் பாதிதான் வந்தது, "மைனி மறக்கலண்ணே. கயித்த நாந்தான் அவுத்திருக்கேன்." "என்னல சொல்லுத?" "இப்பிடித்தான். இந்தா, இப்பிடித்தான்." கையைத் தூக்கி அண்ணனுக்குக் காட்டினான், குழந்தைகள் அடிபட்ட கையைக் காட்டுவதுபோல. அருளப்பன் அந்தக் கையைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்க்க அவருக்கு நேரம் பிடித்தது. தொபியாஸுக்குக் கண் நிறைந்துவிட்டது, இனி இவன் மூன்று நாள் சாப்பிட மாட்டான், விடக் கூடாது. உள்ளே இருந்த இன்னொரு வாரை எடுத்து அவன் மடியில் போட்டேன். "அழுதது போதும், மாட்டிக்கோ. நீயும் மாடுதான், நானும் மாடுதான், இன்னைக்கு ரெண்டு பேரும் கட்டிக்கிட்டுத்தான் போறோம்." அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாரை எடுத்து, எந்தக் கையை எதில் விடுவது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எமரா" என்றார் அருளப்பன். எமரன்சியா இல்லை, எமரா. அடுத்த வார்த்தைக்குத் தொண்டையைச் செருமினார், அது சரி என்பதாக இருக்கலாம், மன்னித்துக்கொள் என்பதாக இருக்கலாம், இருக்கட்டும், சாவகாசமாகச் சொல்லட்டும். முன்பாய் இன்னும் கட்டவில்லை, பின்னேரத்துக்குள் ஏற்றிப் பார்க்க வேண்டும். நான் குனிந்தேன், மாட்டினேன், டக், நடந்தேன். அவர் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் நான் மரத்தைத் தாண்டியிருந்தேன்.